கருப்பு முடிக்கு எந்தக் கருப்பு வாங்குவது?

கேள்வி: அம்மா வைத்திருந்த கல்யாண செட் கொலு பொம்மைகள் எங்களிடம் இருக்கின்றன. காகிதக்கூழ் பொம்மைகள், அரை அடி உயரம். மணப்பெண்ணின் தலையில் பெயின்ட் உரிந்துவிட்டதால் கருப்பு எனாமல் வாங்கி அடித்தேன். இப்போது தலைக்கு பிளாஸ்டிக் தொப்பி மாட்டினது போல இருக்கிறது. நவராத்திரிக்குள் சரிசெய்ய என்ன வாங்க வேண்டும்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் கைவேலையில் குறை இல்லை. வாங்கின டப்பாதான் இந்த வேலைக்குப் பொருந்தாதது.

வீட்டில் யாராவது வெயிலில் தலை உலர்த்தும்போது பின்னால் நின்று பாருங்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, தலை வளைகிற இடத்தில் ஒரு வெளிச்சப் பட்டை ஓடும். பட்டைக்கு மேலும் கீழும்தான் கருப்பு. அந்தப் பட்டையை வைத்துத்தான் நம் கண் அதை முடி என்று புரிந்துகொள்கிறது. அரை அடி பொம்மையின் தலை எலுமிச்சம்பழம் அளவுகூட இருக்காது. அதில் பட்டை தானாக விழாது, நாம்தான் வரைய வேண்டும். முழுக்கச் சுத்தக் கருப்பை அடித்துவிட்டால், பின்னலின் இடுக்கைக் காட்ட அதைவிட இருட்டான நிறம் ஒன்று மிச்சம் இருக்காது.

அதனால் வாங்க வேண்டியது தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் பெயின்ட்டில் பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) ஒன்று, அல்ட்ராமரைன் நீலம் ஒன்று. இரண்டையும் கலந்தால் கருப்பு போலவே ஒரு நிறம் வரும். நீலம் கூடினால் எண்ணெய் தேய்த்த முடியின் கருமை, அம்பர் கூடினால் வெயிலில் அலைந்த முடியின் செம்மை. கருப்பு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது இடுக்குகளுக்கு மட்டும். எல்லாமே 15 மில்லி போதும், செட் முழுக்க அடித்தாலும் மிஞ்சும். பெரிய டப்பா மலிவு என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம், அடுத்த கொலுவுக்குள் இறுகிப்போகும்.

முதலில் எனாமல் நன்றாகக் காயட்டும். அந்த வழவழப்பின் மேல் அக்ரிலிக் பிடிக்காது, நகம் பட்டாலே தோலாக உரியும். நைஸ் உப்புத்தாளால் பளபளப்பு போகிறவரை மெல்லத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். காகிதக்கூழைத் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், ஊறி உப்பிவிடும்.

அப்புறம் அம்பரும் நீலமும் கலந்த நிறத்தைத் தலை முழுக்க மெல்லிசாக இரண்டு கை பூசுங்கள். பின்னலின் இடுக்குகளில் கருப்பைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிடுங்கள். பின்னலின் ஒவ்வொரு புரியிலும் மேடான இடத்தில் மட்டும், அதே கலவையில் இன்னும் கொஞ்சம் நீலமும் துளி தோல் நிறமும் சேர்த்து, முடி போகிற திசையில் சன்னமாக இரண்டு மூன்று கோடுகள். கோடுகளைப் புரியின் நடுவில் தொடங்கி, விளிம்புக்கு வருமுன் நிறுத்திவிடுங்கள். உச்சியிலும் அப்படியே, வெளிச்சப் பட்டை விழும் இடத்தில் மட்டும். வெளிச்சத்துக்காக வெறும் வெள்ளையைக் கருப்பில் கலந்தால் விபூதி தூவினது போல வெளிறிப்போகும்.

முடி தொடங்கும் இடத்தைக் கத்தியால் வெட்டினது போல விடக் கூடாது. அம்பரைத் தோல் நிறத்தோடு கலந்து, தண்ணீர் விட்டு, நெற்றி ஓரத்தில் ஒரு மங்கல் கோடு போடுங்கள். பாதித் தொப்பி அங்கேயே கழன்றுவிடும். வகிட்டையும் அதே நிறத்தில் எடுக்கலாம். மல்லிகைச் சரம் வைத்த பொம்மையானால் முடியை இன்னும் ஒரு படி வெளிச்சமாகவே விடுங்கள். பக்கத்தில் வெள்ளை இருந்தாலே முடி தானாகக் கருத்துத் தெரியும்.

வார்னிஷில் மேட் (பளபளப்பு இல்லாதது) ஒன்று, கிளாஸ் (gloss, பளபளப்பானது) ஒன்று, ஒரே கம்பெனியில் வாங்கி சமமாகக் கலந்து முடிக்கு மட்டும் பூசுங்கள். முகத்துக்கு மேட் மட்டும்.

கருப்பு வாங்கும்போது இன்னொன்று. ஆர்ட்டிஸ்ட் தர ட்யூப்களில் நிறமியின் குறியீடு அச்சிட்டிருப்பார்கள். ஐவரி பிளாக் என்றும் பிபிகே 9 (PBk9) என்றும் இருந்தால் அது எலும்பைக் கரியாக்கி எடுத்த கருப்பு. சாமி பொம்மைக்கு அது வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு, விவரம் தெரிந்து வாங்குவது அவர்கள் உரிமை. பிபிகே 7 கார்பன் கருப்பு, பிபிகே 11 இரும்பு ஆக்சைடு. இரண்டுமே எலும்பிலிருந்து வருவதல்ல.

கேள்வி: 28 மில்லிமீட்டர் கேமிங் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். வெளிநாட்டு பெயின்ட் ஆன்லைனில் வாங்கினேன், இரண்டு பாட்டில் பாதி இறுகி வந்தது. விற்றவர் பதிலே சொல்லவில்லை. முடிக்கு வெளிநாட்டு பெயின்ட்தான் வேண்டுமா? (வாசகர், கோவை)

பதில்: இந்த அளவில் ஓரளவு வேண்டும் என்றுதான் சொல்வேன். நிறமி நைசாக அரைக்கப்பட்டிருப்பதால் மெல்லிசாகப் பூசினாலும் மூடும். துணிக்கான ஃபேப்ரிக் கலர் கடுகளவு தலையில் தடித்து நிற்கும். ஆனால் செட்டாக வாங்க வேண்டியதில்லை. வயேஹோ (Vallejo) கம்பெனியின் மாடல் கலர் வரிசையில் பிளாக் கிரே (70.862), டார்க் பிரஷ்யன் ப்ளூ (70.899), ஒரு கருப்பு, இந்த மூன்று போதும். சொட்டு மூக்கு வைத்த பாட்டில், மூடி திறக்கும் டப்பாவைவிட நம் வெயிலுக்கு நல்லது.

இறுகின பாட்டிலை விட்டுவிடாதீர்கள். பார்சல் கவர், பாட்டில், லேபிள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். லேபிளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, நிகர அளவு இருக்கின்றனவா பாருங்கள். 2011 பொட்டலப் பொருள் விதிகளின்படி இவை இருந்தே ஆக வேண்டும். 2020 மின்வணிக விதிகளின்படி, வாங்கிய தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். விற்றவரோடு மல்லுக்கட்டாமல் நேராக அந்த அலுவலருக்கு எழுதுங்கள். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: முடி வரைய கீரி முடி பிரஷ்தான் சிறந்தது என்று கடையில் தருகிறார்கள். வாங்கலாமா? (மாணவி, மதுரை)

பதில்: வாங்காதீர்கள். கீரி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதன் முடி பிரஷ்ஷை விற்பதும் வாங்குவதும் குற்றம். பிரஷ்ஷுக்காகவே கீரிகளைக் கொல்கிறார்கள். முடியின் நுனி கருத்து நடுவில் வெளிர் பட்டை தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

சிந்தெடிக் பிரஷ்ஷில் 0 அல்லது 1 எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சைபர் போட்ட பிரஷ் நைசாகத் தெரியும், ஆனால் வயிற்றில் பெயின்ட் நிற்காது, கோடு பாதி போகும்போதே நுனியில் காய்ந்துவிடும். நானும் ஆரம்பத்தில் அதைத்தான் வாங்கினேன், ஒரு பின்னலுக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று. கடையிலேயே தண்ணீரில் நனைத்து ஒரு உதறு உதறுங்கள். நுனி ஒன்றாகக் கூடி ஊசி போல நின்றால் காசு கொடுங்கள்.