எம்.எஸ். நோய்க்கு வைரஸ்தான் காரணம் என்று நிரூபித்துவிட்டார்களாமே, உண்மையா?

பாதி உண்மை. எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்) என்பது நம் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய். எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றாதவருக்கு அது வருவது அரிதிலும் அரிது. ஆனால் தொற்றியவர்களில் மிகச் சிலருக்குத்தான் நோய் வருகிறது.

நீங்கள் சொல்வது 2022 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஹார்வர்டு ஆய்வாக இருக்க வேண்டும். என் தங்கைக்கு எம்.எஸ். இருப்பதால், செய்தி வந்ததுமே சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்கள். தலைப்பை விட்டுவிட்டு உள்ளே போனால்தான் சுவாரசியம்.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரியவர்களில் சுமார் 95 சதவீதம் பேரிடம் இருக்கிறது. எச்சில் வழியாகப் பரவும், ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் உடம்பிலேயே பதுங்கிக்கொள்ளும். எல்லோரிடமும் இருப்பதைக் குற்றவாளி என்று எப்படி நிரூபிப்பது? இன்னும் தொற்றாதவர்களைப் பிடித்து, அப்புறம் அவர்களுக்கு என்ன ஆகிறது என்று பல வருடம் பார்க்க வேண்டும்.

அதற்கு வழிவிட்டது அமெரிக்க ராணுவம். அங்கே வேலைக்குச் சேரும்போதும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பார்கள். மிஞ்சும் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) உறைய வைத்துச் சேமிப்பார்கள். ஹார்வர்டின் ஆல்பர்ட்டோ அஷேரியோவின் குழு ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை அலசியதில், பணிக்காலத்தில் எம்.எஸ். வந்தவர்கள் 955 பேர். போதிய ரத்த மாதிரி இருந்தது 801 பேருக்கு. அதில் முதல் மாதிரியில் வைரஸின் தடயமே இல்லாதவர்கள் 35 பேர். நோய் தொடங்கும் முன்பே அந்த 35 பேரில் 34 பேருக்குத் தொற்று வந்துவிட்டிருந்தது! தொற்றாதவர்களோடு ஒப்பிட்டால், தொற்றியவர்களுக்கு ஆபத்து 32 மடங்கு என்று கணக்கிட்டார்கள்.

நோய்தான் உள்ளுக்குள் முதலில் தொடங்கி, வைரஸுக்குக் கதவைத் திறந்துவிட்டதோ என்று கேட்கலாம். அதையும் பார்த்திருக்கிறார்கள். நரம்பிழை சிதையும்போது ரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம், தொற்றுக்குப் பிறகுதான் ஏறியது. அதேபோல எச்சிலில் பரவும் சைட்டோமெகலோ வைரஸால் ஆபத்து கூடவில்லை.

ஏன் இப்படி என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு குழு அதே மாதம் 'நேச்சர்' இதழில் ஒரு விடை தந்தது. வைரஸின் ஈபிஎன்ஏ1 புரதத்தின் ஒரு துண்டும், மூளையில் இருக்கும் கிளையல்கேம் புரதத்தின் ஒரு துண்டும் ஒரே ஜாடை. வைரஸுக்கு எதிராக உருவான ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்), ஆள் மாறாட்டத்தில் நம் மூளைப் புரதத்தையே பிடித்துக்கொள்கிறது. எல்லா நோயாளிகளிடமும் இது தெரியவில்லை, அதனால் முழு விடை என்று சொல்ல மாட்டேன்.

இதைக் கேட்டதும் தங்கை கேட்டது வேறு: "அண்ணா, அப்போ நான் சாப்பிட்ட கரண்டியில் பாப்பாவுக்கு ஊட்டக் கூடாதா?" தாராளமாக ஊட்டு என்றேன். நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சின்ன வயதிலேயே, வந்ததே தெரியாமல் தொற்றிவிடுகிறது. பதின்வயதில் மோனோநியூக்ளியோசிஸ் என்ற காய்ச்சலாக இந்த வைரஸ் வந்தால்தான், அப்படிக் காய்ச்சல் வராதவர்களைவிட எம்.எஸ். ஆபத்து சுமார் இரு மடங்கு என்கிறார்கள். மரபணு, வைட்டமின் டி குறைவு, புகைபிடித்தல் இவற்றுக்கும் பங்கு உண்டு.

சிகிச்சைப் பக்கம் வந்தால், இன்றைக்கு எந்த மாத்திரையும் மாறவில்லை. வைரஸ் தங்கிய செல்களைக் குறிவைத்த டி-செல் (ஒருவகை நோயெதிர்ப்பு வெள்ளையணு) சிகிச்சை ஒன்று 2023 நவம்பரில் சோதனையில் தோற்றது. தடுப்பூசிகள் இன்னும் சோதனைக் கட்டத்தில்தான்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்த ஆய்வு எம்.எஸ். பற்றியது. அதைப் போலவே பார்வையையும் கால்களையும் பாதிக்கும் என்.எம்.ஓ. (நியூரோமைலைடிஸ் ஆப்டிகா) வேறு நோய், அங்கே அக்வபோரின்-4 ஆன்டிபாடிதான் பெரும்பாலும் காரணம். எம்.எஸ்ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்றவை என்.எம்.ஓ.வை மோசமாக்கும். பார்வை நரம்பு வீக்கமோ தண்டுவட வீக்கமோ கடுமையாக வந்தவருக்கு அக்வபோரின்-4 ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.