54-ஆவது மாசசூசெட்ஸ் காலாட்படை: வாக்னர் கோட்டைக்குப் பிறகு என்ன நடந்தது?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இப்படைப்பிரிவின் பங்கு வாக்னர் கோட்டைத் தாக்குதலோடு முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

கறுப்பின வீரர்களைக் கொண்டு 1863-இல் வடதரப்புக்காகத் திரட்டப்பட்ட இப்பிரிவு, ஜூலை 18 அன்று தென் கரோலினாவின் அக்கோட்டைமீது முன்னணியில் பாய்ந்தது. கோட்டை வீழவில்லை, பிரிவின் தளபதி கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா மதில்மேலேயே உயிரிழந்தார்.

என்னை அதைவிட ஆழமாகத் தொடுவது ஊதியப் போராட்டமே. வெள்ளையினச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் கிடைக்க, இவர்களுக்கு 10 டாலரே தரப்பட்டது. அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடிக்கப்பட்டது. குறையும் தொகையைத் தானே ஈடுகட்ட மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தபோதும், வீட்டில் மனைவி மக்கள் வறுமையில் வாட, சம உரிமையாக வராத பணம் வேண்டாமென்று அவர்கள் மறுத்தார்கள். ஊதியமே வாங்காத அந்நிலையில்தான் 1864 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் ஒலஸ்டீ போரில் பின்வாங்கும் வடதரப்புப் படைக்கு அரணாக நின்றார்கள். இயந்திரம் பழுதாகி நின்ற ரயிலைக் கயிறு கட்டி இழுத்து, அதிலிருந்த காயமுற்றோரை மீட்டார்கள். அந்த ஜூன் மாதத்தில் நாடாளுமன்றம் சம ஊதியத்துக்கு இசைந்தது.

அதன்பின் நவம்பரில் தென் கரோலினாவின் ஹனி ஹில்லிலும், தென்தரப்புத் தளபதி ஜெனரல் லீ சரணடைந்து 9 நாள்கள் கழிந்த 1865 ஏப்ரல் 18-இல் பாய்கின்ஸ் மில்லிலும் இப்பிரிவு போரிட்டது.