பில்லை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: பக்கத்துத் தெரு ஓட்டல் கேள்வி-பதில்

வெளியில் சாப்பிடப் போன இடத்தில் பில்லைப் பார்த்துக் குழம்பிப்போய் எழுதியவர்களின் கேள்விகள் இந்த முறை நிறைய. அதனால் முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஏரியாவில் புதிதாகத் திறந்த ஏ.சி. ஓட்டலில் ஞாயிறு காலை டிபன் சாப்பிட்டோம். இரண்டு நெய் ரோஸ்ட் 220, பூரி செட் 80, மூன்று காபி 120, தண்ணீர் பாட்டில் 30. கூட்டினால் 450 ரூபாய். பில் வந்ததோ 496! நடுவில் ‘சர்வீஸ் சார்ஜ் 5%’ என்று ஒரு வரி. கேட்டதற்கு, “அது கவர்மென்ட் டாக்ஸ் சார், எல்லா இடத்திலும் உண்டு” என்றார் கல்லாவில் இருந்தவர். உண்மையா?
– வாசகர், கோவை

பதில்: உண்மை இல்லை. உங்கள் பில்லில் அரசுக்குப் போகும் வரி ஜிஎஸ்டி மட்டும்தான். சாதாரண ஓட்டல்களுக்கு அது 5 சதவீதம். பில்லில் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று இரண்டு வரியாக வரும். 2017 நவம்பர் 15 முதல் ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விகிதம்தான். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் இருக்கும் பெரிய நட்சத்திர ஓட்டல்களின் உணவகங்களில் 18 சதவீதம். உங்கள் டிபன் கடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சர்வீஸ் சார்ஜ் என்பது ஓட்டல்காரர் தனக்காகச் சேர்த்துக்கொள்ளும் தொகை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது. தர மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது. அதைச் சாப்பாட்டு விலையோடு கூட்டி, மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போடவும் கூடாது. உணவகச் சங்கங்கள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28 அன்று, வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. சங்கங்கள் மேல்முறையீடும் செய்தன.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். 450-க்கு சர்வீஸ் சார்ஜ் ரூ.22.50. கூட்டினால் 472.50. அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி ரூ.23.62. ஆக மொத்தம் 496. நீங்கள் கொடுத்திருக்க வேண்டியது 450-ம் அதற்கான ஜிஎஸ்டி 22.50-ம் சேர்த்து ரூ.472.50. ஓட்டல்காரர் கூட்டிய தொகைக்கு நீங்கள் வரியும் கட்டியிருக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். இருபத்து மூன்று ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கல்லாவில் எத்தனை பில் கிழிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த முறை என்ன செய்வது? கல்லாவிலேயே, குரலை உயர்த்தாமல், “சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போட்டுக் கொடுங்க” என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் பணத்தைக் கட்டி, பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம். இன்னொன்று, பரிமாறிய சர்வரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பில் மெஷினில் அந்த வரியைச் சேர்த்தது அவர் இல்லை.

கேள்வி: அந்தத் தண்ணீர் பாட்டில் விஷயம் எனக்கும் நடந்தது. 20 ரூபாய் என்று அச்சிட்ட பாட்டிலுக்கு ஓட்டலில் 30 போட்டார்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: இதில் பலருக்கும் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் விற்கலாம். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. மேஜை, மின்விசிறி, பரிமாறும் ஆள் எல்லாம் சேர்ந்த சேவையின் ஒரு பகுதியாகத்தான் அங்கே பாட்டில் வருகிறது, அது வெறும் பாட்டில் விற்பனை இல்லை என்பது அதன் வாதம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

அதே பாட்டிலைப் பெட்டிக்கடையிலோ, டீக்கடை வாசலிலோ, பேக்கரி கவுன்டரிலோ வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினால் எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கேட்கக் கூடாது. “ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறோம், கூலிங் சார்ஜ் 2 ரூபாய்” என்பதும் செல்லாது. இதைக் கவனிப்பது தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள்.

ஓட்டலில் இதற்கு எளிய வழி, உட்கார்ந்ததுமே “டம்ளர்ல தண்ணி வைங்க” என்று சொல்லிவிடுவது. மேஜையில் கேட்காமல் வைத்த பாட்டிலின் மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால்தான் அது உங்கள் பில்லில் ஏறும்.

கேள்வி: தெரு முனையில் இருக்கும் மெஸ்ஸில் ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறேன். அளவு சாப்பாடு 90 ரூபாய். போன மாதத்திலிருந்து கையால் எழுதும் சீட்டில் ‘ஜிஎஸ்டி 5’ என்று சேர்த்து 95 வாங்குகிறார்கள். சீட்டில் எந்த நம்பரும் இல்லை. அந்த அக்காவிடம் கேட்கவும் சங்கடமாக இருக்கிறது.
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் சங்கடம் புரிகிறது. ஐந்து வருடம் ஒருவர் கையால் சாப்பிட்ட பிறகு அவரிடம் கணக்குக் கேட்பது எளிதில்லை. ஆனாலும் கேட்கலாம், கேட்கும் விதத்தில் கேட்டால்.

முதலில் விவரம். ஆண்டு வியாபாரம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் உணவகம் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும். நாள் கணக்கில் பார்த்தால் சுமார் 5,500 ரூபாய். 90 ரூபாய்ச் சாப்பாடு அறுபது போட்டாலே அதன் பக்கத்தில் வந்துவிடும். அதனால் சின்ன மெஸ் என்பதாலேயே பதிவு இருக்காது என்று முடிவு கட்டிவிட முடியாது.

பதிவு இருந்தால் சீட்டில் 15 இலக்க எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயரும் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். எண்ணே இல்லாமல் வரி வாங்க யாருக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதுதான் பலருக்குத் தெரியாது. ஆண்டு வியாபாரம் ஒன்றரைக் கோடி வரை உள்ள உணவகங்கள் ‘காம்போசிஷன்’ திட்டத்தில் சேரலாம். அவர்களுக்கு ஜிஎஸ்டி எண் இருக்கும். ஆனால் வரியைத் தங்கள் வருமானத்திலிருந்துதான் கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறோம், வரி வசூலிக்க எங்களுக்குத் தகுதி இல்லை என்று பில்லிலேயே எழுதியிருக்க வேண்டும். உங்கள் மெஸ் இந்த வகையாக இருந்தாலும் அந்த 5 ரூபாய் தவறுதான்.

கூட்டம் ஓய்ந்த மூன்று மணி வாக்கில் போய், “அக்கா, ஜிஎஸ்டி நம்பர் எடுத்தாச்சா? சீட்டுல காணோமே” என்று கேளுங்கள். யாரோ பக்கத்துக் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அவர் அப்படி எழுதியிருக்கலாம். கேஸ் சிலிண்டரும் எண்ணெயும் அரிசியும் ஏறிவிட்டதால் 90 கட்டுப்படியாகவில்லை என்றால், சாப்பாடு 95 என்றே போர்டில் எழுதட்டும். அது அவர் உரிமை, நான் மனதார ஆதரிப்பேன். வரி என்று சொல்லி வாங்கிவிட்டு வரியாகக் கட்டாமல் இருப்பதுதான் குற்றம். நாளைக்கு ஓர் அதிகாரி அந்தச் சீட்டைப் பார்த்தால் கஷ்டம் அவருக்குத்தான். அதைச் சொல்லிக் காப்பாற்றுவதும் ஐந்து வருடப் பழக்கத்துக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

கேள்வி: பார்சல் வாங்கினால் வீட்டில் வந்து பிரிக்கும்போது எப்போதும் ஏதாவது ஒன்று குறைகிறது. ஒரு நாள் ரசம், ஒரு நாள் கூட்டு. இதற்கெல்லாம் புகார் செய்தால் சிரிக்க மாட்டார்களா?
– வாசகி, கடலூர்

பதில்: சிரிக்க மாட்டார்கள். உங்கள் பக்கத்து விழுப்புரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2022 நவம்பரில் ஒருவர் தன் உறவினரின் நினைவு நாளுக்காக 25 பார்சல் சாப்பாடு வாங்கினார். ஒன்று 80 ரூபாய், மொத்தம் 2,000. பிரித்தால் ஊறுகாய் இல்லை. பொட்டலத்துக்கு ஒரு ரூபாய் வீதம் 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார். ஓட்டல் மறுத்தது. அவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். 2024-இல் வந்த உத்தரவு: ஊறுகாய்க்கு 25 ரூபாய், மன உளைச்சலுக்கு 30,000, வழக்குச் செலவுக்கு 5,000. கூட்டினால் 35,025 ரூபாய்.

அவர் ஜெயித்ததற்கு என்னென்ன உள்ளடங்கும் என்ற பட்டியல் இருந்ததும், ரசீது கேட்டு வாங்கியதும் பெரிய காரணம். நீங்களும் பார்சலில் என்னென்ன வரும் என்ற போர்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காக ரசம் குறைந்த முதல் நாளே வழக்குப் போடச் சொல்லவில்லை. கல்லாவிலேயே பையைத் திறந்து, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், மோர் என்று விரல் விட்டு எண்ணிவிடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

அப்படியே அந்தச் சாம்பார் எதில் கட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் பையில் ஊற்றி, நூலைச் சுற்றிக் கட்டித் தருவது இன்னும் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அது தடை. பஜ்ஜியையும் வடையையும் செய்தித்தாளில் சுற்றித் தருவதும் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கூடாது. அச்சு மை எண்ணெயில் ஊறி வடையில் ஏறும். தூக்குப் பாத்திரம் கொண்டுபோனால் எந்தக் கடையிலும் ஊற்றித் தருவார்கள். கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுவார்கள் என்பது என் அனுபவம்.

கேள்வி: நண்பர்களோடு பார் உள்ள ரெஸ்டாரன்டுக்குப் போனோம். சாப்பாடு 1,200, பீர் 1,600. மொத்தம் 2,800-க்கும் சேர்த்து 140 ரூபாய் ஜிஎஸ்டி போட்டார்கள். சரியா? அப்புறம், அரசு மதுக்கடையில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திரும்பத் தருவோம் என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

பதில்: மதுவுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அது மாநில அரசின் தனி வரிக்குள் வருகிறது. அதனால் 1,200-க்கு 60 ரூபாய் மட்டும்தான் ஜிஎஸ்டி. 80 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். அந்த 10 ரூபாய் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2022-இல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. காட்டில் உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்பதுதான் தொடக்கம். பாட்டிலில் அதற்கான ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டிக்கர் இல்லாமல் 10 கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மாலையில் தள்ளுவண்டியில் ஷவர்மா வாங்கினேன். கோழி வாடை அடித்தது. மகனுக்கு இரவெல்லாம் வாந்தி. அவர்களிடம் போய்ச் சொன்னால் “வேற யாரும் சொல்லலையே” என்கிறார்கள்.
– வாசகி, சேலம்

பதில்: இதில் தயவுசெய்து பொறுத்துப்போகாதீர்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். சாயந்திரம் முழுக்கச் சுழன்று வெளிப்புறம் மட்டும் வெந்து, உள்ளே வேகாத கறியில் கிருமி பெருகுகிறது. கூடத் தரும் மயோனைஸும் அப்படித்தான். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டதே அதனால்தான்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடை இருக்கும் இடம், வாங்கிய நாள், நேரம், படம் ஆகியவற்றை அனுப்புங்கள். மிச்சம் இருந்தால் கட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள், தூக்கிப் போட வேண்டாம். மருத்துவர் எழுதிய சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். தள்ளுவண்டியாக இருந்தாலும் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்க வேண்டும். கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் அந்த எண் கட்டாயம்.

கேள்வி: டீக்கடையில் ஜிபே பண்ணினால் 1 ரூபாய் சேர்த்து அனுப்பச் சொல்கிறார். நியாயமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் வங்கி கட்டணம் பிடிப்பதில்லை. 2020 ஜனவரி முதல் அப்படித்தான். அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: சர்வீஸ் சார்ஜ் வேண்டாம் என்று சொன்ன பிறகு டிப்ஸ் வைக்க வேண்டுமா? எவ்வளவு?
– வாசகி, சென்னை

பதில்: கட்டாயம் இல்லை, கணக்கும் இல்லை. மனம் இருந்தால் வையுங்கள். நான் வைப்பேன். ஆனால் பில்லோடு சேர்த்து ஜிபே செய்ய மாட்டேன், அது கல்லாவுக்குப் போய்விடும். தட்டிலும் விட்டுவர மாட்டேன். சாம்பார் வாளியோடு மூன்று தடவை ஓடி வந்தவரைக் கூப்பிட்டு, அவர் கையில் கொடுப்பேன். இலை எடுத்து மேஜை துடைக்கும் அம்மா பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. அவருக்கும் ஒரு பத்து ரூபாய் கொடுங்கள்.