வின்னிபெக்கிலிருந்து கால்கரிக்குக் காரில்: காலை ஆறுக்குக் கிளம்புங்கள், மாலை நான்குக்கு நிறுத்துங்கள்

கேள்வி: நாங்கள் கனடாவில் வின்னிபெக்கில் வசிக்கிறோம். ஜூலையில் காரிலேயே கால்கரி போய், அங்கிருந்து பான்ஃப் மலைகளைப் பார்க்கலாம் என்று திட்டம். கோவையிலிருந்து வந்திருக்கும் அப்பா (71), அம்மா (66), மனைவி, ஒன்பது வயது மகன், நான் என ஐந்து பேர். "நடுவில் வெறும் பிரெய்ரிச் சமவெளிதான், பார்க்க ஒன்றும் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக் கடந்துவிடு" என்கிறார்கள் நண்பர்கள். அப்படிச் செய்யலாமா? எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

பதில்: ராத்திரியில் ஓட்டாதீர்கள். மற்ற எதை வேண்டுமானாலும் உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இதை மட்டும் மாற்ற வேண்டாம். போக மூன்று பகல், இரண்டு இரவு ஒதுக்குங்கள்.

நெடுஞ்சாலை 1 வழியாகச் சுமார் 1,330 கிலோமீட்டர். மேப்பில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் என்று காட்டும். சாலையும் முழுக்க நான்கு வழி. அதனால்தான் ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் பிரெய்ரியில் பயணத்தைக் கிலோமீட்டரை வைத்துத் திட்டமிடக் கூடாது, பொழுதை வைத்துத் திட்டமிட வேண்டும். வழியில் வரும் ரெஜைனாவில் பதினைந்து வருடம் இருந்து, இந்தச் சாலையில் எல்லாப் பருவத்திலும் ஓட்டிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: காலை ஆறுக்கு வண்டியை எடுங்கள், மாலை நான்குக்குள் அன்றைய ஊரில் இறங்கிவிடுங்கள். இதற்குக் காரணங்கள் பல.

முதலாவது சூரியன். நீங்கள் போவது நேர் மேற்கு. காலையில் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், எதிரே எல்லாம் துல்லியமாகத் தெரியும். ஜூலையில் இங்கே சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டிவிடும். கடைசி இரண்டு மணி நேரம் அது கண்ணுக்கு நேரே நிற்கும். மறைக்க ஒரு மலை இல்லை, மரம்கூட இல்லை. முன் கண்ணாடியில் அடிபட்டு ஒட்டிய பூச்சிகளோடு அந்த வெளிச்சமும் சேர்ந்தால் முன்னால் போகும் லாரியே தெரியாது. பெட்ரோல் போடும் ஒவ்வொரு இடத்திலும் கண்ணாடியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

இரண்டாவது இடிமழை. பிரெய்ரியில் கோடைப் புயல்கள் பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் திரளும். ஆலங்கட்டி என்றால் நம் ஊரில் குழந்தைகள் பொறுக்கி விளையாடும் சின்னக் கட்டிகள் நினைவுக்கு வரும். இங்கே கோல்ஃப் பந்து அளவில் விழுந்து கார் கண்ணாடியை உடைக்கும். 2020 ஜூனில் கால்கரியில் பெய்த ஒரே ஒரு ஆலங்கட்டி மழைக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுத்தது நூறு கோடி டாலருக்கு மேல். டொர்னாடோ என்னும் சுழல்காற்றும் உண்டு. கனடாவில் எஃப்5 என்ற உச்ச அளவில் பதிவான ஒரே டொர்னாடோ, 2007 ஜூன் 22 அன்று எலி என்ற ஊரைத் தாக்கியது. வின்னிபெக்கைத் தாண்டியதும் நீங்கள் கடக்கப்போகும் ஊர் அது. பயமுறுத்தச் சொல்லவில்லை. வானம் முழுக்கத் தெரியும் இடத்தில் புயல் வருவதும் தெரியும், அதுதான் இங்கே நமக்குள்ள வசதி. வெதர்கேன் என்ற கனடா அரசின் வானிலைச் செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே வானம் கருத்துப் பச்சை பாய ஆரம்பித்தால் அடுத்த ஊரில் பெட்ரோல் நிலையக் கூரைக்கடியில் ஒதுங்குங்கள். மேம்பாலத்துக்கு அடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைபடும், டொர்னாடோ நேரத்தில் அங்கே காற்று இன்னும் வேகமாக வீசும்.

மூன்றாவது விலங்குகள். மான்கள் சாலைக்கு வருவது அதிகம் அந்தி வேளையிலும் விடியலிலும்தான். மூஸ் என்ற பெரிய மான் அதைவிட மோசம். கால் நீளம், நிறம் கருப்பு. ஹெட்லைட் வெளிச்சம் காலில் மட்டும் படும், உடம்பு இருட்டிலேயே நிற்கும். மோதினால் அந்த உடம்பு நேராகக் கண்ணாடி வழியே உள்ளே வரும்.

பகலிலும் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். நான்கு வழி என்றாலும் இது முழுக்க மேம்பாலச் சந்திப்புகள் கொண்ட சாலை இல்லை. கிராமச் சாலைகள் பல இடங்களில் நேரே குறுக்கிடும், டிராக்டர் ஏறி வரும். 2023 ஜூன் 15 அன்று மனிடோபாவின் கார்பெரி அருகே இதே நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்த ஒரு பேருந்தும் லாரியும் மோதி, பேருந்தில் இருந்த முதியவர்கள் 17 பேர் இறந்தார்கள். ஊருக்குள் போய்விட்டு மறுபடி சாலையில் ஏறும்போது, குறிப்பாக இடதுபுறம் திரும்பும்போது, லாரியின் வேகத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். இன்னொன்று: சஸ்காச்சுவானில் விளக்கு எரிய நிற்கும் போலீஸ், ஆம்புலன்ஸ், இழுவை வண்டிகளைக் கடக்கும்போது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 110-ல் வருகிறவர்களுக்கு இது சட்டென்று நினைவுக்கு வராது, அபராதமோ கடுமை.

சரி, இனி நாள் கணக்கு.

முதல் நாள் ரெஜைனா வரை, 575 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் நிறுத்தி, அப்பா அம்மாவைப் பத்து நிமிடம் நடக்கவிடுங்கள். அந்த வயதில் நீண்ட நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது நல்லதில்லை. கழிப்பறையை வழியில் தேடாதீர்கள். பிராண்டன் போன்ற ஊர்களில் நிறுத்தும்போதே முடித்துக்கொள்வதுதான் நிம்மதி. பெட்ரோலும் அப்படித்தான், பாதி டேங்குக்குக் கீழே போகவிடாதீர்கள். எதிர்க்காற்று மேற்கிலிருந்து விடாமல் அடித்தால் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்கும், கூரைமேல் பெட்டி கட்டியிருந்தால் இன்னும் அதிகம். சஸ்காச்சுவான் எல்லையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வையுங்கள். அந்த மாகாணம் கோடையில் நேரத்தை மாற்றுவதில்லை. அதனால் பகல் ஒரு மணிக்கெல்லாம் ரெஜைனா வந்துவிடலாம். பிற்பகலில் ராயல் சஸ்காச்சுவான் அருங்காட்சியகம் போங்கள். 1991-ல் இந்த மாகாணத்தின் தென்மேற்கில் கண்டெடுத்த 'ஸ்காட்டி' என்ற டி. ரெக்ஸ் டைனோசரின் முழு எலும்புக்கூட்டு வடிவம் அங்கே நிற்கிறது. உயிரோடு இருந்தபோது அது சுமார் 8,800 கிலோ இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் மகன் அங்கிருந்து நகர மாட்டான்.

இரண்டாம் நாள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தூரம் 400 கிலோமீட்டர்தான். மூஸ் ஜாவைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் சாப்லின் வரும். ஜூலை வெயிலில் சாலையோரம் பனி குவித்தது போல வெள்ளை மேடுகள் தெரியும். அது உப்பு ஏரியிலிருந்து எடுக்கும் சோடியம் சல்ஃபேட். அந்த ஏரிக்கு ஆயிரக்கணக்கில் கரைப்பறவைகள் வந்திறங்கும். வழியெல்லாம் கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிர் பூத்து, அடிவானம் வரை மஞ்சளாக இருக்கும். போட்டோவுக்காக வயலுக்குள் இறங்காதீர்கள். கனோலா வேரைத் தாக்கும் ஒரு நோய் மண் வழியாகப் பரவுகிறது, நம் செருப்பில் ஒட்டிய மண்ணே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சாலையோரம் நின்றே எடுங்கள், படம் அழகாகத்தான் வரும்.

தூரத்தில் கோபுரம் தெரிந்தால் ஊர் வரப்போகிறது என்று நம் ஊர்ப்பக்கம் தெரிந்துகொள்வோம் இல்லையா, இங்கே அந்த வேலையைத் தானியக் கிடங்குகள் செய்கின்றன. விவசாயி குதிரை வண்டியில் கோதுமை ஏற்றி ஒரே பகலில் போய்த் திரும்பும் தூரத்துக்கு ஒன்றாக, ரயில் பாதையோரம் மரக் கிடங்குகள் நெருக்கமாகக் கட்டப்பட்டன. அவற்றைச் சுற்றித்தான் ஊர்கள் வளர்ந்தன. லாரிகள் வந்ததும் அந்தக் கிடங்குகள் பெரும்பாலும் இடிக்கப்பட்டு, ஊர்களும் சுருங்கிவிட்டன. உங்கள் அப்பாவுக்கு விவசாயத்தில் ஆர்வம் இருந்தால் இதைக் காட்டிச் சொல்லுங்கள், வெகு நேரம் பேசிக்கொண்டு வருவார்.

அன்று இரவு மேப்பிள் கிரீக்கிலிருந்து 30 கிலோமீட்டர் தெற்கே, சைப்ரஸ் ஹில்ஸ் பூங்காவில் தங்குங்கள். தட்டையான நிலத்திலிருந்து சட்டென்று உயர்ந்து பைன் காடும் குளிர்ந்த காற்றும் வரும். ஜூலையில் அறை சுலபத்தில் கிடைக்காது, இப்போதே பதிவு செய்யுங்கள். அது இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட இடம். நன்றாக இருட்ட பதினொன்றரை ஆகும். பெற்றோர் முன்னிரவில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழுந்து வரட்டும். பால்வெளியைக் கண்ணால் பார்க்கலாம். மறுநாள் காலை மட்டும் ஏழுக்குக் கிளம்பினால் போதும்.

கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவையும் பலர் சொல்வார்கள். அருமையான இடம், பைசன் என்ற காட்டெருமைகள் திரியும் உண்மையான பூர்விகப் புல்வெளி. ஆனால் சுவிஃப்ட் கரன்ட்டிலிருந்து தெற்கே 120 கிலோமீட்டர், நிழல் இல்லை, மழை பெய்தால் மண்சாலை பசைபோல டயரைப் பிடித்துக்கொள்ளும். பெற்றோரோடு ஜூலையில் வேண்டாம். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு செப்டம்பரில் தனியாகப் போய் வாருங்கள்.

மூன்றாம் நாள் ஆல்பர்ட்டா. கோடையில் அந்த எல்லையில் நேரம் மாறாது. புரூக்ஸிலிருந்து 48 கிலோமீட்டர் உள்ளே டைனோசர் மாகாணப் பூங்கா, 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருக்கும்போது தரை திடீரென்று காலுக்குக் கீழே பிளந்து, வரிவரியான பள்ளத்தாக்காக விரியும். வெயில் ஏறுவதற்குள், பதினொரு மணிக்கு முன்பே பார்த்துவிடுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும். கால்கரிக்குப் போகும் வழியில் குளூனி அருகே பிளாக்ஃபுட் கிராசிங்கில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். 1877-ல் இங்கே வாழ்ந்த பூர்வகுடிகளுக்கும் அரசுக்கும் இடையே ஏழாம் ஒப்பந்தம் கையெழுத்தான இடம் அது. "ஒன்றும் இல்லை" என்று உங்கள் நண்பர்கள் சொன்ன நிலத்தில் யார் வாழ்ந்தார்கள், பைசன் மந்தைகள் அழிந்தபோது அவர்களுக்கு என்ன ஆனது என்பதை அங்கே அவர்கள் வாயாலேயே கேட்கலாம்.

சாப்பாடு: முதல் நாளுக்குப் புளியோதரை, இட்லி மிளகாய்ப்பொடி கட்டிக்கொள்ளுங்கள். ரெஜைனாவில் இந்திய உணவகங்கள் உண்டு. சிற்றூர்களில் சைவம் கேட்டால் உருளைக்கிழங்கு பெரோகி கிடைக்கும், உக்ரைனியர்கள் கொண்டுவந்த கொழுக்கட்டை மாதிரிப் பண்டம், அம்மாவுக்குப் பிடிக்கும். பன்றி இறைச்சித் துண்டு தூவ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிளம்பும் முன் பெற்றோரின் மருத்துவக் காப்பீடு மற்ற மாகாணங்களிலும் செல்லுமா என்று நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள். மருந்துகளை டிக்கியில் போடாமல் கைப்பையிலேயே வைக்கச் சொல்லுங்கள், டிக்கிச் சூட்டில் கெட்டுவிடும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா பாருங்கள். காட்டுத்தீப் புகை வரும் வருடம் என்றால் காற்றின் தரத்தையும் பார்த்து, அப்பாவுக்கு மூச்சு சிரமம் இருந்தால் தேதியை ஒரு வாரம் தள்ளுங்கள், மலை எங்கேயும் போய்விடாது.