பிள்ளையில் ஒட்டுதல் வரவில்லை: தாய்–சேய்ப் பிணைப்பை அளப்பது பற்றிய கேள்வி பதில்

பிரசவத்துக்குப் பின்னான உளநலம் தொடர்பில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றும் உளவளத்துணையாளர் என்ற வகையில், எனக்கு வந்த வினாக்களுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

கொக்குவில், இளந்தாய்: பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். தூக்கும்போது அயல்வீட்டுப் பிள்ளையைத் தூக்குவது போல இருக்கிறது. நான் கெட்ட தாயா?

இல்லை, தங்கச்சி. 1980இல் பிரித்தானியாவில் ரொப்சன், குமார் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், முதற்பிள்ளை பெற்ற தாய்மாருள் ஏறத்தாழ 40 சதவீதத்தினர், பிள்ளையை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது தமக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை என்றே கூறினர். பெரும்பாலானோருக்குச் சில நாள்களில் பாசம் ஊறிவிட்டது. உங்களுக்குப் பன்னிரண்டு நாளாகியும் அப்படியே இருப்பதால், அடுத்த முறை வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். உங்களையோ பிள்ளையையோ வருத்த வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால் மட்டும் அந்த வருகைக்காகக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்; 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

தாதியர் பயிற்சி மாணவி: தாய்–சேய்ப் பிணைப்பை அளக்க என்னென்ன கருவிகள் உள்ளன?

அதிகம் பயன்படுவன இரண்டு. இயன் புரொக்கிங்டன் குழுவினர் 2001இல் வெளியிட்ட வினாக்கொத்தில் 25 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. அவற்றுள் 12 பொதுவான பிணைப்புக் குறைவையும், 7 வெறுப்பையும் கோபத்தையும், 4 பராமரிப்புப் பற்றிய பதற்றத்தையும், 2 பிள்ளைக்குத் தீங்கு நேரும் அபாயத்தையும் தொடுகின்றன. மற்றையது 2005இல் ரெய்லர் குழுவினர் வெளியிட்ட சிறிய அளவீடு: எட்டே உணர்வுச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 24. இரண்டிலும் புள்ளி கூடக் கூடச் சிரமம் கூடுகிறது. ஆனால் அன்பு, மகிழ்ச்சி போன்ற நல்லுணர்வுகளுக்குப் புள்ளியைத் தலைகீழாக இட வேண்டும். இதை மறந்து கூட்டிய தாளில், பிள்ளையில் உயிரையே வைத்திருந்த தாயொருவர் கல்நெஞ்சக்காரியாகத் தெரிந்ததை நான் கண்டிருக்கிறேன்.

குடும்பநல உத்தியோகத்தர்: எடின்பரோ அளவீடு கையில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

1987இல் வந்த எடின்பரோ அளவீடு பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வைக் கண்டறிய உதவுவது. அதன் பத்து வினாக்களும் கடந்த ஏழு நாள்களின் மனநிலையை அறிவதற்கானவை. பிள்ளையைப் பற்றி அவற்றுள் ஒரு சொல்லும் இல்லை. மனச்சோர்வுள்ள தாய்மார் பலருக்குப் பிணைப்பிலும் சிரமம் உண்டு என்பது உண்மையே. எனினும் கண்ணீரோடு பிள்ளையை நெஞ்சோடணைத்தபடி இருப்பவரும் உண்டு. சிரித்துப் பேசிக்கொண்டே பிள்ளையின் அழுகையைக் கேட்டு எழும்பாமல் இருப்பவரும் உண்டு. பின்னவர் எடின்பரோ வினாக்களுக்குள் அகப்படமாட்டார்.

பல்கலைக்கழக மாணவர்: தமிழாக்கத்தில் எது கடினம்?

சொல்லும் கடினம், சூழல் அதைவிடக் கடினம். கோபம், எரிச்சல், மனக்கசப்பு ஆகிய மூன்றும் நம் தாய்மாருக்கு வேறுவேறானவை. ‘பிணைப்பு’ என்றால் பலருக்கு நீதிமன்றப் பிணைதான் நினைவுக்கு வருகிறது, ‘ஒட்டுதல்’ என்றால் உடனே விளங்குகிறது. ஆகவே மொழிபெயர்த்து, மீளவும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடுவதோடு நில்லாமல், ஒவ்வொரு கூற்றையும் அவர்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று சில தாய்மாரிடம் கேட்டறியுங்கள்.

சூழலுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்கு இன்னும் கழியாத ஒரு வீட்டில், மாமியார் பத்தியக்கறிச் சட்டியோடு வாசற்படியில் நிற்க, வினாக்களை உரத்து வாசித்தேன். அந்தப் பெண் ஒவ்வொரு விடைக்கும் முன்னர் வாசலைப் பார்த்தார். குறைசொல்ல ஒரு புள்ளியும் விழவில்லை. இரண்டு வாரத்தின் பின் கிளினிக்கில் பிள்ளையை நிறுத்துக்கொண்டிருந்தபோது, “இவனைப் பெறாமலே இருந்திருக்கலாம் எண்டு நினைச்சனான், மிஸ்” என்றார். அன்று முதல் தாளைத் தாயின் கையிலேயே கொடுத்து, தனியறையில், ஆறாம் வாரமளவில் மறுபடியும் நிரப்பச் சொல்கிறேன். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவருக்கு மட்டும், கதவைச் சாத்திவிட்டு நானே வாசிப்பேன்.

கனடாவிலிருந்து ஒரு கணவர்: இணையத்தில் எடுத்த படிவத்தை வீடியோ அழைப்பில் மனைவியைக் கொண்டு நிரப்பினேன். புள்ளி அதிகம். அவருக்கு நோயா?

புள்ளியை வைத்து நோயென்று சொல்ல முடியாது. பயிற்சி பெற்றவர் நேரில் உரையாடியே முடிவு செய்ய வேண்டும். கணவர் பார்த்துக்கொண்டிருக்கப் பெற்ற விடைகளை நான் நம்பமாட்டேன், ஆனால் அவர் அதிகமான புள்ளிகளையே உங்கள் முன்னால் துணிந்து இட்டிருப்பதை அலட்சியம் செய்யவும் மாட்டேன். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அவரை ஒருவர் அழைத்துச் செல்ல ஒழுங்கு செய்யுங்கள். இயலுமானால் நீங்களும் வாருங்கள்.

பருத்தித்துறை, ஓர் அம்மம்மா: மகளுக்கு ஒட்டுதல் வரும்வரை பிள்ளையை நாங்களே முழுதாக வளர்ப்பது நல்லதல்லவா?

கோபம் மீறிப் பிள்ளையை உலுப்பவோ அடிக்கவோ தோன்றுகிறது என்று மகள் சொன்னால், அவரைப் பிள்ளையோடு தனியே விடாமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். அப்படியில்லையெனில் முழுதாக வாங்கிக்கொள்ளாதீர்கள், அம்மா. இரவில் ஒரு தடவை நீங்கள் எழும்புங்கள், சமையலையும் துணி துவைப்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டியபின் ஈரம் துவட்டி, வெற்றுடம்போடு மகளின் நெஞ்சில் பிள்ளையைக் கிடத்தும் அந்தப் பத்து நிமிடத்தை அவருக்கே விட்டுவிட்டு, அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.