உங்கள் ஒன்லைனில் தம்பி எங்கே இருக்கிறான்?

கேள்வி: பாலக்கோட்டில் இருந்து எழுதுகிறேன். திப்பு காலத்துப் போரை வைத்து ஒரு சாகசத் திரைக்கதை முடித்திருக்கிறேன். என் ஒன்லைன், அதாவது கதையை ஒரே வரியில் சொல்லும் சுருக்கம், இது: “1791-இல் மைசூர்ப் போரின் உச்சத்தில், பாரமகாலைச் சேர்ந்த துணிச்சலான ஒரு பொதிமாட்டு வியாபாரி எதிர்பாராத சூழலில் போரில் சிக்கி, பல ஆபத்துகளைக் கடந்து, தன் தம்பியையும் மண்ணையும் வெள்ளையரிடமிருந்து மீட்கும் வீரக் கதை.” கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள், மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. (பாரமகால் என்றால் இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்.) அவன் சுமப்பது கும்பினி, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, படைக்கான தானியம், தம்பியோ கிருஷ்ணகிரிக் கோட்டையில் திப்புவின் சிப்பாய். எதை மாற்றலாம்?

பதில்: நல்ல சரக்கை ஒன்லைனுக்கு வெளியே வைத்துவிட்டீர்கள். அண்ணன் கொண்டுபோகும் அரிசியைத் தின்றுவிட்டுத்தான் அந்தப் படை தம்பி இருக்கும் கோட்டையை அடிக்க வருகிறது. கதையே இதுதானே! இதை விளக்கம்போலக் கடைசியில் சொல்கிறீர்கள். ஒன்லைனிலோ ‘எதிர்பாராத சூழல்’, ‘பல ஆபத்துகள்’. இந்த இரண்டையும் எந்தப் போர்க் கதையில் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

பொதிமாட்டுக்காரனைப் பிடித்தது அருமை. 1791 மே மாதம் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போன கும்பினித் தளபதி கார்ன்வாலிஸ், தானியம் இல்லாமல், இழுவை மாடுகளும் செத்துப்போய், கனரக பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். பிறகு அந்தப் படை நிமிர்ந்ததற்கு லம்பாடி வணிகர்களின் பொதிமாடுகள் ஒரு பெரிய காரணம். ஆக, உங்கள் ஹீரோ போரில் ‘சிக்கியவன்’ இல்லை, போரை நகர்த்துகிறவன். அந்தப் பழியோடு அவன் கோட்டை ஏறினால்தான் சுவை.

‘மண்ணை மீட்கும்’ என்பதைத் தயங்காமல் வெட்டுங்கள். 1792 உடன்படிக்கையில் பாரமகால் கும்பினி கைக்கே போனது. வரலாறு தெரிந்த ஒருவர் அறையில் இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். தம்பி ஒருவன் போதும்.

அடுத்து, கெடு. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கும்பினிப் படை கிருஷ்ணகிரியை இரவில் தாக்கியது. பேட்டையும் (மலையடி ஊர்) கீழ்க்கோட்டையும் விழுந்தன. தப்பி ஓடியவர்களின் குதிகாலை மிதித்துக்கொண்டே மேலே போயும், மேல்கோட்டை வாசல் அடைபட்டுவிட்டது. திப்புவின் ஆட்கள் மேலிருந்து பாறைகளை உருட்டி விரட்டினார்கள். அடைபடப் போகும் கதவு ஒன்று வரலாற்றிலேயே இருக்கும்போது, நீங்கள் வேறு கிளைமாக்ஸ் தேட வேண்டியதில்லை. ஆனால் அதை ஒன்லைனில் வைக்காதீர்கள், கேட்டால் சொல்லுங்கள். ‘அந்த இரவுக்குள்’ என்ற கெடு மட்டும் இருக்கட்டும்.

சரி, நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“கும்பினிப் படைக்கு அரிசி சுமக்கும் ஒரு பொதிமாட்டு வியாபாரி, அதே படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கப்போகும் இரவுக்குள், அங்கே திப்புவின் சிப்பாயாக இருக்கும் தன் தம்பியை வெளியே கொண்டுவர வேண்டும்.”

‘துணிச்சலான’ போய்விட்டது, அவன் செய்யப்போகும் காரியமே அதைச் சொல்லிவிடுகிறது. ‘1791’-உம் போய்விட்டது, திப்பு என்றாலே காலம் புரியும். பாரமகால் நம்ம பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், சென்னையில் சினிமாக்காரர்கள் புழங்கும் வடபழனியில் தெரியாது. கிருஷ்ணகிரி மலையைப் பெங்களூரு ரோட்டில் போன தயாரிப்பாளர் ஒருமுறையாவது பார்த்திருப்பார்.

இதைப் பேருந்து நிலைய டீக்கடையில் சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். ‘எந்தப் போர்?’ என்று கேட்டால் இன்னும் செதுக்க வேண்டும். ‘தம்பி வர மாட்டேன்னா?’ என்று கேட்டால் சென்னைக்கு டிக்கெட் போடலாம். அந்தக் கேள்விக்கான பதில்தான் உங்கள் இரண்டாம் பாதி. இப்போதைய திரைக்கதையில் தம்பி உடனே கிளம்பிவிடுகிறான் என்றால் அதையும் மாற்றுங்கள்.

அப்புறம், பீரியட் படம் என்றதும் பட்ஜெட் பேச்சு வரும். ‘ஒரு மலை, ஒரு ராத்திரி, நூறு மாடு’ என்று சொல்லுங்கள்.