மேட்சிங் என்ன சாதாரண வேலையா?

கேள்வி: காலையில் பேங்க், ரேஷன் கடை, மேட்சிங் பிளவுஸ் துணி வாங்க மாம்பலம். மத்தியானம் புடவைகளுக்குக் குச்சு கட்டுவேன். ராத்திரி எட்டு மணியிலிருந்து சீரியல். நாள் இப்படியே ஓடிவிடுகிறது. "உருப்படியா ஏதாவது செய்யும்மா" என்கிறான் மகன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: பேங்க், ரேஷன் கடை, மேட்சிங் என்று மூன்றையும் கமா போட்டு ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதல் இரண்டும் வரிசையில் நிற்கத் தெரிந்த யாரும் முடித்துவிட்டு வரக்கூடிய காரியம். ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்றால் இன்னொரு விரலை வைக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். மூன்றாவது அப்படியா? அரக்குப் பட்டுப்புடவை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்து, அதே அரக்கில் ஒரு மீட்டர் டூ பை டூ பருத்தித் துணி வாங்கி, அது வீட்டுக்கு வந்த பிறகும் அதே அரக்காக இருப்பது இருக்கிறதே, அதற்குத் தனிக் கண் வேண்டும்.

மேட்சிங் சென்டரில் கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பாருங்கள். தரையிலிருந்து கூரை வரை துணிக் கட்டு, பச்சைக்கு மட்டும் ஒரு அலமாரி. புடவை ஓரத்தை நீட்டினால் போதும், பையன் நாலு கட்டை உருவி மேஜைமேல் உருட்டிவிட்டு "இதான்க்கா, கரெக்டா இருக்கு" என்பான். பழக்கப்பட்ட பெண்மணி அதற்குப் பதிலே சொல்ல மாட்டார். புடவையையும் கட்டையும் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போவார். இடிக்கிற கூட்டத்தில் இரண்டையும் வெயிலில் சேர்த்துப் பிடித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் செவப்படிக்குதுப்பா" என்று திருப்பிக் கொண்டுவந்து போடுவார். பணம் கொடுக்காமல் சரக்கோடு வெளியே போனாரே என்று கல்லாவில் இருப்பவர் பதறுவதில்லை. அவருக்கும் விஷயம் தெரியும். பட்டில் ஏறிய சாயம் வேறு, பருத்தியில் ஏறிய சாயம் வேறு. கடை விளக்கின் கீழ் இரண்டும் சம்பந்திகள் மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும், வெயிலுக்கு வந்ததும் முறைத்துக்கொள்ளும். மண்டபத்து விளக்கில் மறுபடி சேர்ந்துகொண்டாலும் கொள்ளும், சொல்ல முடியாது.

கலர் பெயர்கள் வேறு. வாடாமல்லி, மயில்கழுத்து, கிளிப்பச்சை, ராமர் பச்சை, வெங்காயக் கலர், எலிக் கலர். எலிக் கலர் என்று வாய்விட்டுக் கேட்டு வாங்கி, அதை முகூர்த்தத்துக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்களின் தைரியம் எனக்கு வராது. எம்.எஸ். புளூ இருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திப் புகழ்பெற்ற காஞ்சிபுரத்து நீலம். மாம்பலத்தில் மூன்று கடைகளில் எம்.எஸ். புளூ கேளுங்கள், மூன்று நீலம் எடுத்துப் போடுவார்கள், மூன்றும்தான் அசல் என்று அடித்துச் சொல்வார்கள்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு எங்கள் லே-அவுட் ஆர்ட்டிஸ்டோடு எனக்கு இருக்கும் தகராறு தெரியும். தீபாவளி மலர் அட்டைக்கு வாடாமல்லி கேட்டேன். மானிட்டரில் தகதகவென்று இருந்தது. அச்சில் சோகை பிடித்து வந்தது. திரையில் வெளிச்சத்தைக் கலக்கிறார்கள். பிரஸ்ஸில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். வாடாமல்லி அந்த நாலுக்குள் அடங்குவதில்லை. ஐந்தாவதாகத் தனி மை போட்டால் வரும், போட்டால் அக்கவுண்ட்ஸ் பகுதியிலிருந்து ஆள் வந்துவிடும். "சார், என் ஸ்க்ரீன்ல சரியாத்தான் இருந்தது" என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ப்ரூஃபை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பாருமய்யா, மாம்பலத்தில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லித் தருவார் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புடவையை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பி மேட்சிங் கேட்கிறவர்களும் இந்த ஆர்ட்டிஸ்ட் கட்சிதான். அவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

சரி, டிவிக்கு வருவோம். சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் வந்தது 1975 ஆகஸ்ட் 15. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் வரும் வரைக்கும் ஒளியும் ஒலியுமில் கதாநாயகி கட்டியிருக்கும் புடவை என்ன நிறம் என்பது அவரவர் கற்பனை. தெருவில் ஒரே ஒரு டிவி, அதன் முன்னால் இருபது பேர், இருபது நிறம். சில வீடுகளில் கறுப்பு வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு கலர் தகடு மாட்டியிருப்பார்கள்: மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. கதாநாயகி நின்றால் தலை நீலம், கால் பச்சை. மரத்தடியில் உட்கார்ந்து பாடினால் முழுக்கப் பச்சை. வில்லனுக்கும் அதே மரியாதை. அதைக் கலர் டிவி என்று சொல்லிக்கொண்டவர்களும் உண்டு.

இன்றைக்கு மருமகள் தூங்கி எழுந்திருக்கும்போதே பட்டுப்புடவை. கதையைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை. போன முறை திறந்ததற்கு அம்பத்தூர் வாசகர் ஒருவர் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். புடவையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். "அந்த மருமக நேத்து கட்டியிருந்தாளே" என்று கடையில் வந்து கேட்கிறார்கள், கடைக்காரரும் எடுத்துப் போடுகிறார். உங்கள் வீட்டு டிவி பளபளப்பு மோடில் இருந்தால் அது ரத்தச் சிவப்பு, எதிர்வீட்டில் சினிமா மோடில் இருந்தால் மெரூன். பாவம், அந்த மருமகளுக்கே தான் என்ன கலர் கட்டியிருக்கிறோம் என்று தெரிந்திருக்காது.

உங்கள் மகன் உருப்படி என்று எதைச் சொல்கிறான் என்று கேட்டுச் சொல்லுங்கள். கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த மற்ற ஓவியர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்களே, அந்த நிலம் வாங்கப் பணம் எப்படி வந்தது? பாத்திக் துணி மாதிரி கைவேலைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான். அவர்கள் வீட்டிலும் யாராவது "உருப்படியா ஏதாவது செய்யேன்" என்று சொல்லியிருக்கலாம். நல்ல வேளை, காதில் போட்டுக்கொள்ளவில்லை. குச்சுக்குக் கூலி வாங்குகிறீர்களா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. அக்கம்பக்கத்தாருக்குச் சும்மா கட்டிக் கொடுப்பவராக இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். நூல் விலையும் போட்டு, முடிச்சு போடுகிற விரலுக்கும் சேர்த்து வாங்குங்கள். மகனுக்கு ஒரு சனிக்கிழமை மயில்கழுத்துப் புடவை ஒன்றைக் கொடுத்து மாம்பலத்துக்கு அனுப்புங்கள். வீடியோ கால் கூடாது. வாங்கிக்கொண்டு வந்ததை அவன் முன்னாலேயே வாசலில் வெயிலில் பிரியுங்கள்.

இன்னொன்று. குச்சுக்கு நூல் கலர் எடுப்பதை மத்தியானமே முடித்துவிடுங்கள். உடல் கலர் ஒன்று, பார்டர் கலர் ஒன்று என்று அட்டையில் சுற்றி, வெட்டி, கொத்துக் கொத்தாகப் பிரித்து வைத்துவிட்டால், எட்டு மணிக்கு மேல் சீரியல் பார்த்துக்கொண்டே முடிச்சு மட்டும் போடலாம். டிவி வெளிச்சத்தில் நூல் கண்டைத் தேடாதீர்கள். அந்த வெளிச்சத்தில் அரக்கும் மெரூனும் ஒன்றுதான். முந்தானையில் பாதி வரிசை கட்டிய பிறகு காலையில் எழுந்து பிரிக்க வேண்டியிருக்கும்.